தண்டவாளத்தில் ஒரு கப்பலின் பெயர்



இலண்டன் மாநகரின் வைட்சாப்பல் நிலையத்திலோ, பெக்கம் ரை நிலையத்திலோ இன்று இரயிலுக்காகக் காத்திருப்பவர்கள், அறிவிப்புப் பலகையில் 'விண்ட்ரஷ் லைன்' என்ற பெயரைக் காணலாம். அதாவது விண்ட்ரஷ் தடம். இது ஓர் அரசரின் பெயரோ, போர்த்தளபதியின் பெயரோ அல்ல. 1948-ஆம் ஆண்டு கரீபியன் தீவுகளிலிருந்து மக்களை ஏற்றி வந்த ஒரு கப்பலின் பெயர். அந்தக் கப்பலில் வந்தவர்களையும், அவர்களைத் தொடர்ந்து வந்த பல்லாயிரம் பேரையும் நினைவுகூரும் வகையில் ஒரு நகர இரயில் தடத்திற்கு இப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

ஒரு சமூகத்தின் பெயரை இரயில் தடத்திற்கு வைப்பதால் அந்தச் சமூகத்திற்கு என்ன கிடைக்கிறது? வெறும் அலங்காரமா, அல்லது அதற்கு மேல் ஏதேனும் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேட, இந்தப் பெயரின் கதையைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

ஆறு தடங்கள், ஆறு பெயர்கள்

இலண்டனில் சுரங்க இரயில் இருப்பதுபோல, பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடும் 'ஓவர்கிரவுண்ட்' என்ற இரயில் அமைப்பும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த அமைப்பு படிப்படியாக வளர்ந்து ஆறு தடங்களாகப் பெருகியது. ஆனால் வரைபடத்தில் ஆறு தடங்களுக்கும் ஒரே செம்மஞ்சள் நிறம், ஒரே பெயர். 'ஓவர்கிரவுண்டில் தாமதம்' என்று அறிவித்தால், எந்தப் பகுதியில் தாமதம் என்று பயணிக்குத் தெரியாது. புதிதாக வருபவர்களுக்கோ பெரும் குழப்பம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, ஒவ்வொரு தடத்திற்கும் தனிப் பெயரும் தனி நிறமும் தரப்படும் என்று 2024 பிப்ரவரியில் இலண்டன் மேயர் சாதிக் கான் அறிவித்தார். மகளிர் கால்பந்து அணியை நினைவுகூரும் லயனஸ், எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பரிவுடன் பணியாற்றிய மருத்துவமனையை நினைவுகூரும் மில்ட்மே, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களை நினைவுகூரும் சஃப்ரஜெட், நெசவுத் தொழிலாளரை நினைவுகூரும் வீவர், சுதந்திரம் என்று பொருள்படும் லிபர்ட்டி, இவற்றுடன் விண்ட்ரஷ். அந்த ஆண்டின் இறுதியில் புதிய பெயர்கள் நடைமுறைக்கு வந்தன.

இவற்றில் வீவர் தடமும் குடிபெயர்ந்தோரோடு தொடர்புடையது என்பது குறிப்பிடத்தக்கது. பிரான்சில் கத்தோலிக்க அரசரின் அடக்குமுறைக்குத் தப்பி, 1685-க்குப் பின் பெருந்திரளாக இலண்டன் வந்த ஹியூகனாட் என்னும் புராட்டஸ்டண்ட் நெசவாளர்கள், பின்னர் வந்த யூதத் தையற்காரர்கள், அதற்குப் பின் வந்த வங்காளதேச மக்கள் என்று கிழக்கு இலண்டனின் துணித்தொழிலை வளர்த்தவர்கள் பலரும் வெளியிலிருந்து வந்தவர்களே.

கப்பலுக்கும் பெயர் மாற்றம்தான்

விண்ட்ரஷ் என்பது உண்மையில் ஒரு சிற்றாற்றின் பெயர். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் தோன்றி, தேம்ஸ் நதியில் கலக்கும் அமைதியான ஆறு அது.

கப்பலோ ஜெர்மனியில் கட்டப்பட்டது. அதன் முதல் பெயர் மான்டே ரோசா. நாத்சி ஆட்சியில் உல்லாசப் பயணக் கப்பலாகவும், பின்னர் போர் வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாகவும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரித்தானியர் அதைக் கைப்பற்றினர். 1947-இல் அதற்கு 'எம்பயர் விண்ட்ரஷ்' என்று மறுபெயரிட்டனர். ஆக, இரயில் தடத்திற்கு மறுபெயராக வந்த இந்தப் பெயரே, முன்பு ஒரு கப்பலுக்கு மறுபெயராக வந்ததுதான்.

1948 மே மாதம் அந்தக் கப்பல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் நின்றது. குறைந்த கட்டணத்தில் இங்கிலாந்து செல்லலாம் என்று உள்ளூர் நாளிதழில் விளம்பரம் வந்திருந்தது. போரில் பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்த இளைஞர்கள் பலர், வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தனர். அவர்களும், தச்சர், தையற்காரர், இயந்திரப் பணியாளர் எனப் பல தொழில் அறிந்தவர்களும் கப்பலேறினர்.

ஜூன் 22-ஆம் நாள் இலண்டனுக்கு அருகிலுள்ள டில்பரி துறைமுகத்தில் அவர்கள் கரையிறங்கினர். கப்பலில் இருந்த பயணிகள் 1,027 பேர். அவர்களில் 802 பேர் தங்கள் கடைசி வசிப்பிடமாகக் கரீபியன் பகுதியைக் குறிப்பிட்டிருந்தனர்.

அந்நியரா, குடிமக்களா?

அவர்கள் யாருடைய தயவிலும் வரவில்லை. ஜமைக்காவும், டிரினிடாடும், பார்படோசும் அன்று பிரித்தானியப் பேரரசின் பகுதிகள். அங்கு பிறந்தவர்கள் சட்டப்படி பிரித்தானியக் குடிகள். இங்கிலாந்தில் வாழவும் உழைக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. பள்ளியில் அவர்கள் படித்தது இங்கிலாந்தின் வரலாறு. பாடியது இங்கிலாந்தின் நாட்டுப்பண். தாய்நாட்டிற்குச் செல்கிறோம் என்றே அவர்கள் எண்ணி வந்தனர்.

ஆனால் அவர்கள் கரையிறங்கிய அதே நாளில், ஆளும் தொழிற்கட்சியின் உறுப்பினர்கள் 11 பேர் பிரதமர் அட்லிக்கு ஒரு கடிதம் எழுதினர். இத்தகைய வருகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அட்லி ஜூலை 5-ஆம் நாள் பதில் எழுதி, பேரரசின் குடிமக்களைத் தடுக்க முடியாது என்ற நிலையை எடுத்துரைத்தார். அதே ஜூலை 5-இல்தான் இங்கிலாந்தின் இலவசத் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. அந்தச் சேவையின் மருத்துவமனைகளைப் பின்னாளில் தாங்கி நின்ற செவிலியரில் எத்தனையோ பேர் இந்தத் தீவுகளின் பெண்கள் என்பதை எண்ணும்போது, அந்தக் கடிதத்தை நினைத்து வருத்தமே மேலிடுகிறது.

தங்க இடமில்லாதவர்களில் 230-க்கும் அதிகமானோர், க்ளாப்பம் பகுதியில் போர்க்காலத்தில் தோண்டப்பட்ட ஆழமான நிலவறைப் பதுங்கிடத்தில் தங்கவைக்கப்பட்டனர். அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்தது. அங்கே வேலை தேடிச் சென்றவர்கள் அங்கேயே அறை தேடினர். இப்படித்தான் பிரிக்ஸ்டன், இலண்டனில் கரீபியன் மக்களின் முக்கிய இருப்பிடமாயிற்று.

அறை கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. கறுப்பினத்தவர்க்கு இடமில்லை என்று வீட்டு வாசலில் எழுதிவைத்த காலம் அது. வங்கிகளும் கடன் தரத் தயங்கின. ஆகவே அவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தைக் கைக்கொண்டனர். ஒரு குழுவினர் வாராவாரம் ஆளுக்கு ஒரு தொகை போட, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். அதற்கு 'பார்ட்னர்' என்று பெயர். நாம் அறிந்த சீட்டுதான் அது. அப்படிச் சேர்த்த பணத்தில் வீடுகள் வாங்கினர், பிறகு வந்தவர்களுக்கு அறை கொடுத்தனர்.

விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களில் ஒருவரான சாம் கிங், போரின்போது விமானப்படையில் பணியாற்றியவர். பின்னர் அஞ்சல் துறையில் உழைத்தார். 1983-இல் தெற்கு இலண்டனின் சதர்க் நகரவைக்கு முதல் கறுப்பின மேயரானார். பெக்கம் ரை நிலையம் அந்த சதர்க் பகுதியில்தான் இருக்கிறது.

இந்தத் தலைமுறையில் நம் மண்ணின் வேர் கொண்டவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிமரபினர், இரண்டாம் முறையாகக் கடல் கடந்து இங்கிலாந்து வந்தனர்.

இரயிலில் உழைத்த கைகள்

ஒரு கப்பலின் பெயரை இரயில் தடத்திற்கு ஏன் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

போருக்குப்பின் இலண்டனின் பேருந்துகளையும் இரயில்களையும் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆகவே 1956-இல் 'லண்டன் டிரான்ஸ்போர்ட்' நிறுவனம் பார்படோஸ் தீவிற்கே அதிகாரிகளை அனுப்பி ஆள் எடுத்தது. பயணச் செலவைப் பார்படோஸ் அரசு கடனாகக் கொடுத்தது. வந்தவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து அதைத் திருப்பிச் செலுத்தினர். பின்னர் ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் ஆள் எடுத்தார்கள். நடத்துநராக, நிலைய ஊழியராக, உணவக உதவியாளராக அவர்கள் பணியாற்றினர்.

அழைத்து வந்தாலும், எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. டொமினிக்கா தீவைச் சேர்ந்த ஆஸ்குவித் சேவியர் என்பவர் பிரிட்டிஷ் இரயில்வேயில் பணியாற்றிய கார்டு. 1966-இல் அவர் இலண்டன் யூஸ்டன் நிலையத்திற்கு மாற்றம் கேட்டார். கறுப்பினத்தவரை அங்கே அந்த வேலையில் அமர்த்துவதில்லை என்பது எழுதப்படாத விதியாக இருந்ததால் அவருக்கு மறுக்கப்பட்டது. செய்தி வெளியே வந்து, நாடாளுமன்றம் வரை சென்றது. இரயில்வே அந்தத் தடையை நீக்கியது. 1966 ஆகஸ்ட் 15-இல் அவர் யூஸ்டனில் கார்டாகப் பொறுப்பேற்றார். கொலை மிரட்டல்கள் வந்ததால் காவல் துறையின் பாதுகாப்போடு அவர் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. வேலை தருவதிலும் வீடு தருவதிலும் நிறவேற்றுமை காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. இன்று யூஸ்டன் நிலையத்தில் சேவியருக்கு நினைவுப் பலகை இருக்கிறது.

ஆலயத்தின் கதவு

இந்த வரலாற்றில் கிறிஸ்தவர்களாகிய நாம் தலைகுனிய வேண்டிய பக்கமும் ஒன்று உண்டு. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் சபையினர் இருந்தனர். டிரினிடாட், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளிலிருந்து கத்தோலிக்கரும் வந்தனர். வந்த முதல் ஞாயிறன்று நல்ல உடை உடுத்தி ஆலயம் சென்றவர்களில் சிலரிடம், அடுத்த வாரம் வர வேண்டாம் என்று வாசலிலேயே மெல்லச் சொல்லப்பட்டது. மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம்!

மனம் நொந்தவர்களில் பலர் வீட்டு அறைகளில் கூடிச் செபித்தனர். பின்னர் அவை தனிச் சபைகளாக வளர்ந்தன. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, விண்ட்ரஷ் காலம் முதல் தன் ஆலயங்களில் நடந்த இனவெறிச் செயல்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 70 ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று அந்த ஒரு சொல் வருவதற்கு.

பெயர் இருந்தது, தாள் இல்லை

இனி இந்தக் கதையின் மிக வேதனையான பகுதி.

1971-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் 1973 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்து தங்கிவிட்டவர்கள் தொடர்ந்து வாழலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் அதற்கான சான்றிதழ் எதையும் அரசு கொடுக்கவில்லை. பெற்றோரின் கடவுச்சீட்டில் பெயர் சேர்க்கப்பட்டு, சிறு குழந்தைகளாக வந்தவர்கள் பலர். அவர்கள் பள்ளியில் படித்தார்கள், வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டார்கள். யாரும் தாள் கேட்கவில்லை.

2012 முதல் நிலை மாறியது. சட்டத்திற்குப் புறம்பாகத் தங்கியிருப்போர் தாமாகவே வெளியேறும்படி வாழ்க்கையைக் கடினமாக்குவது அரசின் கொள்கையாயிற்று. வேலை தருபவர், வீட்டு உரிமையாளர், வங்கி, மருத்துவமனை என எல்லோரும் ஆவணம் கேட்கத் தொடங்கினர். சட்டப்படி வாழ்ந்தும் தாள் இல்லாதவர்கள் வசமாகச் சிக்கிக்கொண்டனர். அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்குச் சான்றாக இருந்திருக்கக்கூடிய பழைய தரையிறங்கு அட்டைகளை உள்துறை அமைச்சகம் 2010-லேயே அழித்துவிட்டிருந்தது.

விளைவு என்ன? ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் வேலை இழந்தனர். வீடு இழந்தனர். சிலருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது. சிலர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். குறைந்தது 83 பேர் தவறாக நாடு கடத்தப்பட்டனர். 2018-இல் செய்தித்தாள்கள் இதை வெளிக்கொணர்ந்தபோது நாடே அதிர்ந்தது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அரசு மன்னிப்புக் கேட்டது. 2019-இல் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆனால் அது மிக மெதுவாக நகர்ந்தது. பணம் கைக்கு வரும் முன்பே கண்மூடியவர்கள் உண்டு.

2020-இல் வெண்டி வில்லியம்ஸ் என்பவர் அளித்த விசாரணை அறிக்கை 30 பரிந்துரைகளை முன்வைத்தது. எல்லாவற்றையும் ஏற்பதாகச் சொன்ன அரசு, 2023 சனவரியில் மூன்றைக் கைவிட்டது. அவற்றில் இரண்டைக் கைவிட்டது சட்டத்திற்கு எதிரானது என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரயில் தடத்திற்குப் பெயர் அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டு பிப்ரவரியில், பெயர்ப் பலகைகள் மாறியது ஆண்டின் இறுதியில். இரண்டுக்கும் நடுவே வந்தது இந்தத் தீர்ப்பு. புதிய அரசு அமைந்தபின், 2025 ஜூனில் போதகர் கிளைவ் ஃபாஸ்டர் விண்ட்ரஷ் ஆணையராக நியமிக்கப்பட்டார்.

பெயர் சூட்டியவர் இலண்டன் மேயர், தவறிழைத்தது நடுவண் அரசின் உள்துறை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றவர் பெயர் சூட்டிப் பரிகாரம் தேட முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவர்க்கு இரண்டும் ஒரே நாடுதான்.

பெயர் மட்டும் போதுமா?

பெயர் மாற்றத்திற்கு 63 இலட்சம் பவுண்டு செலவாகும் என்று கணக்கிடப்பட்டது. அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்திற்குச் செலவிடலாமே என்று சிலர் கேட்டனர். அரசியல் இலாபத்திற்கான செயல் என்றும் சிலர் குறைகூறினர். தடங்களைப் பிரித்தறியப் பெயர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்படியும் ஏதோ ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்றால், உழைத்தவர்களின் பெயரை வைப்பதில் தவறென்ன?

ஆனால் விண்ட்ரஷ் தடத்தில் பயணம் செய்பவர் ஒன்றைக் கவனிப்பார். டென்மார்க் ஹில் நிலையத்தைத் தாண்டி க்ளாப்பம் நோக்கிச் செல்லும்போது, இரயில் உயரமான பாலத்தின்மேல் பிரிக்ஸ்டன் பகுதியைக் கடக்கிறது. கீழே கடைத்தெரு. சற்றுத் தொலைவில், 1998-இல் பெயர் சூட்டப்பட்ட விண்ட்ரஷ் சதுக்கம். ஆனால் இரயில் அங்கே நிற்பதில்லை! அருகில் இருந்த கிழக்கு பிரிக்ஸ்டன் நிலையம் 1976-இல் மூடப்பட்டது. பிரிக்ஸ்டனுக்குச் சுரங்க இரயில் இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் அவர்களின் பெயரைத் தாங்கிய இரயில், அவர்களின் நெஞ்சப் பகுதியின் தலைக்குமேல் நில்லாமல் போகிறது. பெயர் கொடுப்பதற்கும் இடம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

அதே தடத்தில் வேறொன்றும் இருக்கிறது. வாப்பிங், ராதர்ஹித் நிலையங்களுக்கு இடையே இரயில் தேம்ஸ் நதிக்கு அடியில் செல்கிறது. கப்பல் செல்லும் ஆற்றுக்கு அடியில் உலகில் முதன்முதலாக அமைந்த அந்தச் சுரங்கம் 1843-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய மார்க் புருனெல், பிரெஞ்சுப் புரட்சியின்போது உயிருக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர். குடிபெயர்ந்தோரின் பெயர் வைப்பதற்கு 180 ஆண்டுகளுக்கு முன்பே, குடிபெயர்ந்த ஒருவர் அமைத்த வழியாகத்தான் அந்த இரயில் இன்றும் ஓடுகிறது. அவர்கள் பின்னர் வந்து சேர்ந்துகொண்டவர்கள் அல்ல. அந்த நகரை அமைத்தவர்களில் அவர்களும் உண்டு.

பெயர் ஒரு வாக்குறுதி

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பெயர் சூட்டுவதால் என்ன கிடைக்கிறது? இழந்த வேலை திரும்புவதில்லை. இழப்பீடு விரைவாக வருவதில்லை. ஆனாலும் பெயர் வீணல்ல. பள்ளி செல்லும் ஒரு சிறுமி தினமும் அந்தப் பெயரைக் கேட்பாள். ஒருநாள் அது என்னவென்று கேட்பாள். அப்போது யாராவது அவளுக்குக் கப்பலின் கதையையும், அழிக்கப்பட்ட அட்டைகளின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் பெயர் அலங்காரமாகிவிடும்.

பெயர் என்பது கடனைத் தீர்த்த இரசீது அல்ல. கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைத்த உறுதிமொழி. எழுதியவர்கள் அதை நிறைவேற்றுகிறார்களா என்று கேட்கும் உரிமையை அது எளியவர்களுக்குத் தருகிறது.

நாம் இரயில் தடங்களுக்குப் பெயர் வைக்கும் நிலையில் இல்லை. ஆனால் ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் தனியே அமர்ந்திருக்கும், வேற்றூரிலிருந்து பிழைக்க வந்த அந்த மனிதரின் பெயரைக் கேட்கும் நிலையில் இருக்கிறோம். கேட்டிருக்கிறோமா? வரும் ஞாயிறன்று கேட்போம்.